இதுல மெயின் யாரு மாப்ள?

சோமனூரிலிருந்து என் மாமா கோவைக்கு வந்தால் வழக்கமாக ரெண்டே காரணம்தான்: ஆஸ்பத்திரி, இல்லையென்றால் கல்யாணம். அந்தச் சனிக்கிழமை ரெண்டும் இல்லை. ஒரு கல்லூரியின் சின்ன அரங்கில் வெளிநாட்டிலிருந்து வந்த நாலு பேர் வயலின் வகையறா வாசிக்கிறார்கள், டிக்கெட் கிடையாது, ஏசி உண்டு என்று சொல்லி நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். நூறு நாற்காலி இருக்கும், பாதிதான் நிறைந்திருந்தது. நாலு பேரும் வந்து அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். மைக் இல்லை, ஸ்ருதிப்பெட்டி இல்லை. ஆரம்பித்து ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மாமா என் காதோரம் குனிந்து, "ஏ மாப்ள, இதுல மெயின் யாரு?" என்றார்.

"மெயின்னு யாரும் இல்லீங்க மாமா."

"யாருமில்லாம எப்பிடி? அப்ப மத்த மூணு பேரு யாருக்கு வாசிக்கறாங்க?"

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்ததால் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. நாம் கேட்டு வளர்ந்த கச்சேரியில் நடுவில் ஒருவர் பாடுவார், வயலின் அவர் பின்னாலேயே போகும், மிருதங்கம் தாங்கிப் பிடிக்கும், மற்றவர்களின் முறை அவர் கை காட்டும்போதுதான் வரும். சினிமாப் பாட்டென்றால் குரல்தான் முதலாளி. சேம்பர் மியூசிக் என்கிற மேற்கத்திய வகையில் அந்த நடு நாற்காலியே கிடையாது. அதனால்தான் முதல்முறை கேட்கும் நமக்கு எங்கே காதை வைப்பது என்றே தெரியாமல் போகிறது. அன்று மாமாவுக்கு முழுதாகச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேம்பர் என்றால் அறை, அவ்வளவுதான். தேவாலயத்துக்கோ நாடக மேடைக்கோ இல்லாமல், பெரிய மனிதர்கள் வீட்டு அறையில் சிலபேர் கூடி உட்கார்ந்து வாசிக்க எழுதிய இசை. பிற்காலத்தில் அது அரங்கத்துக்கு வந்துவிட்டது, பெயர் மட்டும் அறையிலேயே தங்கிவிட்டது. ஆள் குறைவு, ரெண்டு பேரில் தொடங்கி எட்டு ஒன்பது வரை போகும். அதைவிட முக்கியம், ஒரு வரிக்கு ஒரே ஆள். ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்துப் பதினைந்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும், அதில் ஒருவர் தும்மினால் பக்கத்து நாற்காலிக்கு மட்டும்தான் தெரியும். இங்கே தும்மினால் அந்த வரியே அறுந்துபோகும், மாற்று ஆள் இல்லை. கண்டக்டரும் இல்லை. (பஸ் கண்டக்டர் இல்லை, மேடை நடுவில் நின்று குச்சியை ஆட்டுகிறவர்.)

பெயர்கள் கொஞ்சம் குழப்பும். ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. இந்த வகையின் முதுகெலும்பே இந்த நாலுதான். பியானோ ட்ரியோ என்றால் மூணு பியானோ என்று நினைத்துவிடக் கூடாது, பியானோ, வயலின், செல்லோ ஒவ்வொன்று. பியானோ குவின்டெட் என்றால் பெரும்பாலும் அந்த நாலு தந்தி வாத்தியத்தோடு ஒரு பியானோ. கிளாரினெட் குவின்டெட்டும் அதே கணக்கு. பெயரில் இருப்பது வெளியிலிருந்து வந்த விருந்தாளி, மற்றவர்கள் வீட்டு ஆட்கள்.

ஸ்ட்ரிங் குவார்டெட்டை இன்று நாம் அறிகிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று ஆஸ்திரியாவின் யோசப் ஹைடனைச் சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அறுபதுக்கும் மேல் எழுதித் தள்ளினார். ஜெர்மன் கவிஞர் கெதே 1829-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், குவார்டெட் கேட்பது விவரமான நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்வதைக் கேட்பதுபோல என்றார். நம் ஊரில் அந்த நாலு பேரும் உட்கார மாட்டார்கள், பேக்கரி வாசலில் டீ கிளாஸோடு நிற்பார்கள். ஒருவர் நூல் விலை ஏறிய கதையை ஆரம்பிப்பார், இன்னொருவர் பாதியிலேயே பிடுங்கித் தன் பக்கம் இழுப்பார், மூணாமவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார், இத்தனை நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாலாமவர் ஒரே ஒரு வார்த்தை சொல்வார், பேச்சு மொத்தமும் திசை மாறிவிடும். குவார்டெட்டை இப்படித்தான் கேட்க வேண்டும். மெட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு அதிலேயே தொங்க வேண்டாம். யார் சொன்னதை யார் வாங்கிக்கொண்டார், யார் மறுத்தார், யார் வாயே திறக்கவில்லை என்று பாருங்கள். நிஜமாகவே கண்ணால் பாருங்கள். ரெக்கார்டிங்கைவிட நேரில் இந்த இசை சுலபமாகப் புரிவதற்குக் காரணம் அதுதான்.

அந்த "ஆமாங்க" ஆள் பெரும்பாலும் வயோலா. பார்க்க வயலின்போலவே, கொஞ்சம் பெரிசு, தாழ்ந்த ஸ்ருதி, தொண்டை கட்டியதுபோல் ஒரு குரல். செல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. வயோலா நடுவில் என்ன செய்கிறது என்று முதல் சில தடவை காதுக்கே எட்டாது. ஆனால் அதை நிறுத்தினால் மேலே பறக்கிற வயலினுக்கும் தரையில் நடக்கிற செல்லோவுக்கும் நடுவில் ஒரு ஓட்டை விழும். தறியில் சொல்வதானால், கண்ணுக்குத் தெரிவது பார்டரும் டிசைனும்தான், துணி நிற்பது பாவிலும் ஊடையிலும், அதாவது நெடுக்கு நூலிலும் குறுக்கு நூலிலும்.

குச்சி ஆட்ட ஆள் இல்லையென்றால் நாலு பேரும் ஒரே நொடியில் எப்படித் தொடங்குகிறார்கள்? மூச்சு. அன்று நாங்கள் ரெண்டாவது வரிசையில் இருந்ததால் தெளிவாகக் கேட்டது: முதல் வயலின்காரர் வில்லைத் தந்திக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்தி, மூக்கால் "ஸ்ஸ்" என்று ஒரு மூச்சை இழுத்தார், தோள் ஏறியது, இறங்கும்போது நாலு வில்லும் ஒன்றாக இறங்கின. அந்த மூச்சின் வேகம்தான் தாளத்தின் வேகம், அதன் அழுத்தம்தான் ஒலியின் அழுத்தம். எல்லாமே தாளில் எழுதிவைத்ததுதான், நம் கல்பனாஸ்வரம்போல மேடையில் பிறப்பது அநேகமாக எதுவுமில்லை. ஆனால் வழக்கமாக ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கும் தாளில் அவரவர் வரி மட்டுமே இருக்கும், அடுத்தவர் என்ன வாசிக்கிறார் என்பது அதில் இருக்காது. காதால் கேட்டுத்தான் ஒட்ட வேண்டும். எழுதிவைத்த இசைக்குள் உயிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்தத் தாள்தான்.

சரி, அன்றைக்கு என்ன வாசித்தார்கள் என்பதற்கு வருகிறேன். முன்பாதி ரொமான்டிக், பின்பாதி சமகாலம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது.

ரொமான்டிக் என்றதும் டூயட் ஞாபகம் வந்தால் அதை ஓரமாக வையுங்கள். அது ஏறத்தாழ 19-ஆம் நூற்றாண்டு முழுவதையும் குறிக்கிற காலப்பெயர். அதற்கு முந்தைய தலைமுறை வடிவ ஒழுங்கைப் பெரிதாக நினைத்தது. இவர்கள் அந்த வீட்டை இடிக்காமல் உள்ளே தங்கள் சொந்தக் கதையைக் குடிவைத்தார்கள். காதலும் உண்டு, சாவும் ஊரும் காடும் கனவும் உண்டு. மெண்டல்சன் எட்டு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ஆக்டெட்டை முடித்தபோது அவருக்குப் பதினாறு வயது. ஷூமான் 1842-ஆம் வருஷம் முழுக்க இதே வேலையாகக் கிடந்தார், மூணு குவார்டெட், ஒரு பியானோ குவார்டெட், ஒரு பியானோ குவின்டெட் எல்லாம் அந்த ஒரே வருஷத்தில். குவின்டெட்டை மனைவி கிளாராவுக்குக் காணிக்கையாக்கினார். கிளாராவும் லேசுப்பட்டவர் இல்லை, ஐரோப்பாவே கொண்டாடிய பியானோக் கலைஞர், 1846-இல் அவர் எழுதிய பியானோ ட்ரியோவைக் கட்டாயம் கேளுங்கள். பிராம்ஸோ இதற்கு நேர் எதிர்: இருபது குவார்டெட்டாவது எழுதிக் கிழித்துப் போட்ட பிறகுதான் 1873-இல் முதல் ரெண்டை வெளியே விட்டார்.

அன்று வாசித்தது இவர்கள் யாருடையதும் இல்லை. செக் நாட்டு ஸ்மெட்டனா 1876-இல் எழுதிய முதல் குவார்டெட், பெயர் 'என் வாழ்க்கையிலிருந்து'. முதன்முதலாகக் கேட்க இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது என்பது என் கட்சி. நாலு பகுதி. நாலு பேரும் சேர்ந்து ஒரு அடி அடித்ததும் மற்ற மூவரும் அடங்கிவிட, முழக்கமாகப் பேச ஆரம்பிப்பது யார் என்கிறீர்கள்? வயோலா! காலம் பூராவும் "ஆமாங்க" சொன்ன ஆள் முதல் வார்த்தையை எடுக்கிறார். மாமா மெயின் யாரு என்று கேட்டதும் அந்த இடத்தில்தான், அவர் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது. 1878-இல் பிராகில் ஒரு நண்பர் வீட்டில் இதை முதலில் வாசித்துப் பார்த்தபோது அந்த வயோலாவைப் பிடித்தவர் ட்வோர்ஷாக். பிற்பாடு உலகம் முழுக்கப் பெயர் வாங்கப்போகிற இசையமைப்பாளர், நண்பர் வீட்டு அறையில் உட்கார்ந்து நடுவரியை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ரெண்டாம் பகுதி போல்கா, இளமைக்காலத்து நடனம். மூணாம் பகுதியைச் செல்லோ தனியாகத் தொடங்குகிறது, அது இறந்துபோன முதல் மனைவியின் நினைவு. இதற்கு முன்பே நான் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தேன். முதல் பகுதி முடிந்து நாலு பேரும் வில்லை இறக்கியதும் பலமாகக் கைதட்டிவிட்டேன், தட்டியது நான் ஒருவன்தான். எல்லாப் பகுதியும் முடிந்த பிறகு தட்டுவதே இப்போதைய வழக்கம். ஆனால் இதற்காக யாரும் கூச வேண்டியதில்லை, இந்தக் கட்டுப்பாடு பின்னால் வந்தது. 1778-இல் பாரிஸில் தன் சிம்பனி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஜனங்கள் கைதட்டியதை மோட்ஸார்ட் சந்தோஷமாக அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். சந்தேகமாக இருந்தால் வாசிப்பவர்களைப் பாருங்கள். வில் மடிக்கு இறங்கி, அவர்கள் எழுந்திரிக்கிற மாதிரி தெரிந்தால் தட்டலாம்.

நாலாம் பகுதி. திருவிழா மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது, காலை ஆட்டாமல் உட்கார முடியாது. திடீரென்று நிற்கிறது. கீழே மூணு வாத்தியமும் ஒரே இடத்தில் வில்லை நடுக்கிக்கொண்டிருக்க, முதல் வயலின் மட்டும் எங்கோ உச்சியில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கிறது. மெட்டு இல்லை, கமகம் இல்லை, ஊசி மாதிரி ஒரே கோடு. ஸ்மெட்டனாவுக்கு 1874-இல் காது போனது. போவதற்கு முன் காதுக்குள் விடாமல் ஒரு விசில் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத்தான் எழுதிவைத்திருக்கிறார். எழுதும்போது அவருக்கு ரெண்டு காதும் கேட்காது. அந்தக் கோடு அறுந்த பிறகு பழைய பகுதிகளின் துணுக்குகள் ஒன்றிரண்டு வந்து எட்டிப்பார்க்கின்றன, அப்புறம் மெல்ல அணைந்துவிடுகிறது. முதல் பகுதிக்கு முந்திக்கொண்டு தட்டிய எனக்கு இப்போது கை எழவில்லை.

இடைவேளையில் பேப்பர் கப்பில் காபி கொடுத்தார்கள். நான் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், மாமா கையமர்த்தினார். "தெரியுது மாப்ள. எனக்கு தெனமும் ராத்திரி அந்தச் சத்தந்தான். தறி நின்னாத்தான் கேக்கும்." முப்பது வருஷம் தறி ஓட்டியவர். பண்டிகைக்குத் தறி நிறுத்தினால் அவர் எரிச்சலாகவே இருப்பார், ஏனென்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பின்பாதி. சமகாலம் என்றால் நம் காலத்தில், அல்லது நம் காலத்துக்குக் கிட்டத்தில் எழுதியது. இங்கேதான் பலர் எழுந்து போகிறார்கள், அன்றும் பத்துப் பேர் போனார்கள். முதலில் வாசித்த சின்ன உருப்படியில் வில்லைத் தந்தியில் அழுத்தித் தேய்த்தார்கள், குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டு) அந்தப் பக்கம் இழுத்துக் கீச்சென்ற ஒலியை எடுத்தார்கள், செல்லோக்காரர் மரத்தை விரல் கணுவால் தட்டினார். "கவலை இறைக்கற சத்தமாட்ட இருக்குது" என்றார் மாமா. (மனக்கவலை இல்லை, மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது.) குறையாகச் சொல்லவில்லை, அடையாளம் சொன்னார். உண்மையில் நடந்ததும் அதுதான். ஸ்வரம் மட்டும்தான் இசை, மற்றதெல்லாம் சத்தம் என்ற வேலியை 20-ஆம் நூற்றாண்டில் பிடுங்கிப் போட்டார்கள். ரெண்டு உலகப்போர், ரெக்கார்டிங், மின்சாரம் எல்லாம் பார்த்த காதுகள் அவை. ஜார்ஜ் கிரம்ப் என்ற அமெரிக்கர் வியட்நாம் போர்க்காலத்தில், 1970-இல், எழுதிய குவார்டெட்டில் வாத்தியங்களுக்கு மின்பெருக்கி வைத்தார், வாசிப்பவர்களைப் பல மொழிகளில் எண்களைச் சொல்ல வைத்தார், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லை இழுக்கச் சொன்னார். இதைக் கேட்டு அசந்துபோன ஒரு வயலின்காரர் 1973-இல் தொடங்கியதுதான் க்ரோனோஸ் குவார்டெட். அவர்களுக்காகவே எழுதப்பட்ட புது உருப்படிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இருக்கிற ஆளுக்கு எழுதுவது. ஷூபர்ட்டின் பிரபலமான 'ட்ரௌட்' குவின்டெட் 1819-இல் ஷ்டையர் என்ற சிற்றூரில் செல்லோ வாசிப்பில் ஆசை கொண்ட ஒரு பணக்காரர் கேட்டதால் பிறந்தது. பிராம்ஸ் இனி எழுதுவதில்லை என்று ஓய்ந்திருந்தபோது ம்யூல்ஃபெல்ட் என்ற கிளாரினெட் கலைஞரின் வாசிப்பைக் கேட்டார், உடனே 1891-இல் கிளாரினெட் குவின்டெட் வந்துவிட்டது. எல்லாவற்றையும்விடக் கொடுமையான உதாரணம் பிரெஞ்சுக்காரர் மெஸ்ஸியான். ஜெர்மன் போர்க்கைதி முகாமில் இருந்தார். கூட இருந்த கைதிகளில் வயலின், செல்லோ, கிளாரினெட் வாசிப்பவர் ஒவ்வொருவர் கிடைத்தார்கள், பியானோவுக்கு அவரே. அந்த விசித்திரக் கூட்டுக்கு எழுதி, 1941 ஜனவரி 15 அன்று முகாமிலேயே வாசித்தார்கள். 'காலத்தின் முடிவுக்கான குவார்டெட்' என்று பெயர். முகாமில் வேறு வாத்தியக்காரர்கள் இருந்திருந்தால் வேறு ஒன்று பிறந்திருக்கும்.

கடைசி உருப்படிக்கு நாலு பேரில் ரெண்டு பேர் மட்டும் வந்தார்கள், வெறுங்கையோடு. "வாத்தியத்தை எங்க வெச்சுட்டு வந்தாங்க?" என்றார் மாமா. ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்கர் 1972-இல் எழுதியது, ரெண்டு பேர் கைதட்டுவது மட்டும்தான் முழு உருப்படியும். தட்டும் கணக்கு இது: மூணு தட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி. மொத்தம் பன்னிரண்டு எண்ணிக்கை. ரெண்டு பேரும் ஒன்றாக ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் கடைசி வரை அதையே மாற்றாமல் தட்டுவார். மற்றவர் சில சுற்றுக்கு ஒருமுறை ஒரு எண்ணிக்கை தள்ளிக்கொள்வார், அப்புறம் இன்னொன்று. பன்னிரண்டு முறை தள்ளியதும் வட்டம் முடிந்து ரெண்டு பேரும் மறுபடி ஒன்றாகத் தட்டுவார்கள். எங்கள் கொங்குப் பக்கத்து வள்ளி கும்மி ஆட்டத்தில் ஐம்பது பேர் தட்டினாலும் ஒரே தட்டாகக் கேட்க வேண்டும், இங்கே ஒரே தட்டு ரெண்டு பேரிடையே வழுக்கி வழுக்கி, யாருமே தட்டாத புதுப்புதுத் தாளங்களாகக் காதில் விழுகிறது.

மாமா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு தறி ஓடறதே இதுதான்" என்றார். ஒரே வேகம் என்று சொல்லி வைத்த ரெண்டு தறியில் ஒன்று மயிரிழை பிந்தும், நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) அடிக்கும் சத்தம் மெதுவாகப் பிரிந்து, எதிரெதிராகப் போய், கொஞ்ச நேரத்தில் தானாக வந்து சேர்ந்துகொள்ளும், அந்தச் சேர்க்கைக்காகக் காத்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றிருக்கிறேன் என்றார். ரைக் இந்த வழுக்கலைக் கண்டுபிடித்ததும் 1960-களில் ஒரே பேச்சை ஓடவிட்ட ரெண்டு டேப் ரெக்கார்டர்கள் மெல்லப் பிரிந்துபோனபோதுதான். அந்த டேப் வழுக்கலிலிருந்து வந்ததுதான் இந்தக் கைதட்டலும், அவர் இங்கே வழுக்கலைப் படிப்படியான தாவலாக்கிவிட்டார்.

வீட்டில் கேட்க ஆரம்பிப்பதென்றால் ஸ்மெட்டனா, அப்புறம் ட்ரௌட், அப்புறம் மெஸ்ஸியான் என்று போகலாம். யூட்யூபில் ஆட்கள் முகம் தெரிகிற வீடியோவாகப் பாருங்கள், வெறும் ஆடியோ வேண்டாம். ஒரே பகுதியை மூணு தடவை கேளுங்கள், மூணாம் தடவை வயோலாவை மட்டும். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், எனக்கே இன்றுவரை பிராம்ஸின் குவார்டெட்டுகள் ஒட்டவில்லை, அவருடைய கிளாரினெட் குவின்டெட் மட்டும்தான்.

திரும்பும் வழியில் கருமத்தம்பட்டியில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினோம். ரெண்டு டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து நான்தான் ஆரம்பித்தேன்: மூணு, விடு, ரெண்டு, விடு. மாமா மாற்றாமல் தட்டுவது, நான் தள்ளிக்கொள்வது என்று ஏற்பாடு. ரெண்டாவது தாவலிலேயே அவருடைய தட்டுக்குள் போய் விழுந்துவிட்டேன். "என்னுதக் கேளு, ஆனா உன்னுத விட்றாத" என்றார் மாமா, கையை நிறுத்தாமலே. டீ மாஸ்டர் எட்டிப்பார்த்து, "என்னங்க, பஜனையா?" என்று கேட்டார். ரெண்டாவது டீ முடிவதற்குள் ஐந்து தாவல் வரை வந்தோம். பன்னிரண்டு இன்னும் வரவில்லை.